தண்டமா, விலையா?

‘தண்டம்’ என்பது பலபொருள் ஒருசொல். கோலுக்கும் அது பெயர். படைக்கும் அது பெயர். குற்றஞ் செய்தவனை ஒறுத்தலுக்கும், அவ்வொறுப்பாக அவனிடமிருந்து கொள்ளும் பொருளுக்கும் அதுவே பெயர். இவை போதாவென்று பேச்சு வழக்கு இன்னுமொரு பொருளையும் அதன்மேல் ஏற்றி வைத்திருக்கிறது. பயனின்றிக் கழிந்த செலவைத் ‘தண்டம்’ என்கிறோம். உழையாது உண்பவன் உண்பது ‘தண்டச் சோறு’. நீதியின் கருவிக்குப் பெயராய் நின்ற சொல் வீணுக்கும் பெயராயிற்று. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் எவ்வாறு ஒருங்கே குடியிருக்கின்றன என்று முன்னர் வியந்ததுண்டு. பெருங் கம்பனிகள் மக்களுடைய அந்தரங்கத் தகவல்களைத் தவறாகக் கையாண்டமைக்கு இறுத்த தண்டப் பணங்களின் வரலாற்றைச் சென்ற சில மாதங்களாகத் தேடிப் படித்தேன். படித்தபின் அவ்வியப்பு நீங்கிற்று.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். வினவுதல் முறையே. விடை கூறுவதாயின் என் குற்றம் ஒன்றை முதற்கண் கூறுதல் வேண்டும்.

எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பரீட்சை வழிகாட்டற் கருத்தரங்கு ஒன்றை இலவசமாக நடத்தித் தருவதாக ஒரு நிறுவனத்தார் வந்தனர். அச்சிட்ட வினாத்தாள்களும், மதிய உணவும், வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒவ்வொரு கோப்பும் தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் எங்களிடம் கேட்டது ஒன்றேயொன்று: மாணவர் பெயர், பெற்றோர் பெயர், முகவரி, கைத்தொலைபேசி இலக்கம் ஆகியவை அடங்கிய பட்டியல். கருத்தரங்குக்குப் பொறுப்பாயிருந்தவன் நான். இடாப்பைப் பார்த்து, என் கையாலேயே, எழுத்துப் பிழையில்லாமல் அப்பட்டியலை எழுதிக் கொடுத்தேன். அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கொடுப்பவன் ஒன்று கேட்டால் நாமும் ஒன்று கொடுப்பது உலக வழக்கம் என்று எண்ணினேன்.

ஒரு திங்கள் கழியுமுன்னே பெற்றோரின் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. ஒருவர் வெளிநாட்டுப் படிப்பு என்றார். ஒருவர் காப்புறுதி என்றார். ஒருவர் தவணைக் கடன் என்றார். ஒரு மாலை, மாணவி ஒருத்தியின் தாயார் பாடசாலைப் படலையடியில் என்னைக் காத்து நின்றார். முதல் நாள் அவரை அழைத்த ஒருவன், மிக்க மரியாதையோடு அவருடைய கணவரின் முழுப் பெயரையும் சொல்லி, அவரோடு பேசலாமா என்று கேட்டிருக்கிறான். அவர் இறந்து அப்பொழுது எட்டு மாதம். இடாப்பில் பெயர் மாற்றப்படவில்லை.

“ஐயா, இவற்றை பேரை இடாப்பிலை பதியத்தானே பள்ளிக்கூடத்துக்குத் தந்தனாங்கள். வேறை ஆருக்கும் குடுக்கேல்லை. அவங்களுக்கு எப்பிடிப் போச்சுது?” என்று அவர் கேட்டார்.

அவர் என்னைக் குற்றஞ் சாட்டவில்லை. என்னிடம் முறையிட வந்தார். அதுவே என்னைச் சுட்டது. அன்று, “விசாரித்துச் சொல்கிறேன்” என்று சொல்லிப் போய்விட்டேன். உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. சொன்ன பின்னர், ‘இதற்குத் தக்க ஒறுப்பு யாது? எனக்கு யாது? என்னிடம் பெற்றுப் பிறர்க்கு விற்ற அந்நிறுவனத்துக்கு யாது?’ என்ற கேள்வி என்னை விடவில்லை. அவ்வாறு தொடங்கியதே இத்தேடல்.

பெயரொன்று வெளிப்பட்டால் என்ன குடி முழுகிவிடும் என்பார் உளர். தமிழ் கற்றவர் அங்ஙனம் சொல்லலாகாது. அகத்திணைப் பாட்டிலே தலைவன் தலைவியரைப் பெயர் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. பெயர் வந்தவுடன் அகம் புறமாகிவிடும். பெயர் மாத்திரமன்று, அடையாளம் வந்தாலும் அவ்வாறே. நெடுநல்வாடையில் அரசன் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் வேலின் தலையில் வேப்பம்பூச் சூட்டிய செய்தி வருகிறது. வேம்பு பாண்டியர்க்கு அடையாளப் பூ. ஆதலின் அப்பாட்டு அகமாகாது, புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் உரை.

‘பெயரை நீக்கிவிட்டோம்; ஆதலால் எவர்க்கும் கேடில்லை’ என்று இன்று தகவல் விற்போர் சொல்லும் சமாதானத்துக்கு அவ்வுரையாசிரியர் விடை சொல்லிவிட்டார். பிறந்த திகதி, பால், அஞ்சற் குறியீடு என்னும் மூன்றுமே ஐக்கிய அமெரிக்க மக்களுள் நூற்றுக்கு 87 பேரைத் தனித்தனி இனங்காணப் போதுமாயிருக்கும் என்று லற்றான்யா ஸ்வீனி என்னும் ஆய்வாளர் 2000ஆம் ஆண்டளவில் மதிப்பிட்டார். நம் நாட்டில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நமது தேசிய அடையாள அட்டையின் இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், அவ்வாண்டில் எத்தனையாம் நாள் என்பதும் உள்ளன. பெண்களாயின் அந்நாட் கணக்கோடு 500 கூட்டப்படும். கேட்ட இடமெல்லாம் அவ்விலக்கத்தைச் சொல்லிக்கொண்டு திரிகின்றோம். அது வேலிலே கட்டிய வேப்பம்பூ என்பதை மறந்துவிடுகிறோம்.

இனித் தண்டங்களின் வரலாற்றுக்கு வருவோம். பல உள, ஒன்றை விரித்துக் கூறுகிறேன்.

பாவனையாளர் தம் தகவலைத் தமக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அதனைப் பிறர் காணவும் கொள்ளவும் இடங்கொடுத்தது பேஸ்புக் கம்பனி என்பது ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு கொண்டுவந்த குற்றச்சாட்டு. 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இணக்கக் கட்டளை ஒன்று உறுதியாயிற்று. அப்பொழுது தண்டப் பணம் இல்லை. இனி மக்களை ஏய்த்தல் ஆகாது. மீறினால் தண்டம் உண்டு என்பதே கட்டளை.

அதன்பின் நடந்ததை உலகம் அறியும். ஆளுமையை அளந்து சொல்வதாக ஒரு வினாவிடைச் செயலி பேஸ்புக்கில் உலாவியது. அதனை ஏற்றவர் ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர். ஆயின் அது ஏற்றவர் தகவலோடு நிற்கவில்லை. அவர்தம் நண்பர்களின் தகவலையும் அள்ளியது. இவ்வாறு 8 கோடி 70 இலட்சம் பேர் வரையிலானோரின் தகவல் கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று 2018 ஏப்பிரலில் கம்பனியே ஒப்புக்கொண்டது. ஒருவன் தன் வீட்டுப் படலையைத் திறக்க, அயல் வீட்டுப் படலைகளெல்லாம் அதனோடு திறந்தன. இதைப் படித்தபோது எனக்கு என் பட்டியல் நினைவுக்கு வந்தது. கருத்தரங்குக்கு வந்தவர் பிள்ளைகள். பெயர் போனது பெற்றோருக்கு.

2018 ஒக்ரோபரில் ஐக்கிய இராச்சியத்தின் தகவல் ஆணையாளர் அலுவலகம் இதன்பொருட்டு பேஸ்புக்குக்கு 5 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. செயல் நிகழ்ந்த காலத்தில் நடைமுறையில் இருந்த 1998ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மேல் ஒரு பென்சும் விதிக்க இடந் தரவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அந்தச் சோளப்பொரியிலும் அது ஒரு பருக்கை.

அமெரிக்காவின் தீர்ப்போ வேறு விதமாயிருந்தது. 2019 யூலை 24ஆம் திகதி அந்நாட்டு ஆணைக்குழு அறிவித்த தண்டப் பணம் 500 கோடி டொலர். அந்தரங்க மீறலுக்காக அதுவரை எந்தக் கம்பனியும் அத்தகைய தொகையை இறுத்ததில்லை. செய்தியைப் படிப்போர், ‘நீதி வென்றது’ என்றே எண்ணுவர். நானும் எண்ணினேன். பின்னர்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

2018ஆம் ஆண்டில் அக்கம்பனியின் வருமானம் ஏறத்தாழ 5,580 கோடி டொலர். தண்டம் அதில் நூற்றுக்கு ஒன்பது பங்கு. நாட்கணக்கிற் சொன்னால் 33 நாள் வருமானம். என் சம்பளத்தில் 33 நாளைப் பிடித்தால் அம்மாதம் என் வீட்டில் அடுப்பெரியாது. கம்பனிக்கோ, செலவெல்லாம் போக அவ்வாண்டில் எஞ்சிய இலாபமே ஏறத்தாழ 2,210 கோடி. தண்டம் அதில் காற்பங்குக்குச் சற்றுக் குறைவு. முக்காற் பங்குக்கு மேல் கையில் இருந்தது. தகவல் போன 8 கோடி 70 இலட்சம் பேருக்கும் 500 கோடியைப் பிரித்தால் தலைக்கு 57 டொலர் வரும். ஆயின் அது அவர்கள் கைக்குப் போகவில்லை. அரச திறைசேரிக்கே போயிற்று. இன்னுமொன்று: இத்தொகை விதிக்கப்படவிருக்கிறது என்ற செய்தி யூலை 12ஆம் திகதி பரவியபோது கம்பனியின் பங்கு விலை இறங்கவில்லை, ஏறிற்று. தண்டம் பெற்றவனைக் கண்டு சந்தை கைதட்டியது.

ஆணைக்குழுவின் ஐவருள் மூவர் இவ்விணக்கத்தை ஏற்றனர், இருவர் மறுத்தனர். மறுத்தவருள் ஒருவராகிய ரோஹித் சோப்ரா, தீங்கை விளைத்த வியாபார முறை மாறவில்லை, தலைமையில் இருந்தோர் எவரும் தனிப்படப் பொறுப்பேற்கவில்லை, தெரிந்ததும் தெரியாததுமாகிய பழைய குற்றங்கள் பலவற்றிலிருந்து கம்பனி விடுவிக்கப்பட்டது என்று தம் மறுப்பை எழுதி வைத்தார். பெரும்பான்மையோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வழக்காடினால் இவ்வளவு பெருந்தொகை கிடைத்திராது என்றனர் அவர்கள். இருபது ஆண்டுக்கு நீளும் மேற்பார்வையும், பணிப்பாளர் சபையில் சுதந்திரமான அந்தரங்கக் குழுவும், பிரதம நிறைவேற்று அதிகாரி காலாண்டுக்கு ஒருமுறை தம் கையொப்பமிட்டு உறுதி கூற வேண்டுமென்ற விதியும் அக்கட்டளையில் இருந்தன. அவற்றைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது.

ஆயினும் என் மனத்தில் எழும் கேள்வி இது: தண்டத்துக்கும் விலைக்கும் வேறுபாடு யாது?

விலை என்பது ஒன்றைப் பெறுவதற்காகக் கொடுப்பது. கொடுத்தவன் குற்றவாளி அல்லன். நாளைக்கும் வந்து கொடுத்துப் பெறலாம். தண்டம் என்பது செய்யத்தகாததைச் செய்தமைக்காக இறுப்பது. இறுத்தவன் மறுபடி செய்ய அஞ்ச வேண்டும், நாணவும் வேண்டும். அச்சமும் நாணமும் ஒழிந்தால் தண்டம் விலையாகிவிடும். சந்தைக்கு வண்டி கொண்டுபோகிறவன் வாயிலிற் செலுத்தும் ஆயத்தைச் செலவுக் கணக்கில் எழுதுவது போல, கம்பனியும் இதனைத் தன் செலவுக் கணக்கில் எழுதிவிடும். அரசு நீதி வழங்குவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் உரிமச்சீட்டு விற்றுக்கொண்டிருக்கும். பேச்சு வழக்கிலே தண்டம் வீண் என்று பொருள்பட்டது இத்தகைய தண்டங்களைக் கண்ட அனுபவத்தால் ஆகலாம் என்று இப்பொழுது எனக்குத் தோன்றுகிறது.

இவ்வுண்மையை உணர்ந்தே போலும், ஐரோப்பிய ஒன்றியத்தார் வேறு வழியை வகுத்தனர். 2016இல் நிறைவேறி 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, பெருங் குற்றங்களுக்கு 2 கோடி யூரோ, அல்லது கம்பனியின் உலகளாவிய வருடாந்த விற்றுவரவில் நூற்றுக்கு 4 பங்கு, இவற்றுள் எது பெரிதோ அது வரையில் தண்டம் விதிக்கலாம் என்கிறது. தொகையை நிறுத்தித் தராசில் இடாமல், தண்டிக்கப்படுவோனின் செல்வத்தோடு சேர்த்து நிறுக்கும் முறை இது. குற்றத்தின் கனதி, நீடித்த காலம், பாதிக்கப்பட்டோர் தொகை, வேண்டுமென்று செய்ததா கவனமின்மையால் நேர்ந்ததா, தீங்கைக் குறைக்க முயன்றனரா, முன்னரும் செய்ததுண்டா என்பனவெல்லாம் ஆராயப்படல் வேண்டும் என்றும் அது விதிக்கிறது. 2022 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவும் கடும் மீறல்களுக்கான தண்டத்தின் உச்சத்தை 5 கோடி அவுஸ்திரேலிய டொலர், பெற்ற நயத்தின் மும்மடங்கு, உரிய காலத்து விற்றுவரவில் நூற்றுக்கு 30 பங்கு ஆகியவற்றுள் பெரியது என உயர்த்திற்று.

சட்டத்தில் எழுதுதல் ஒன்று. கையில் எடுத்தல் இன்னொன்று. 2023 மே மாதத்தில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு, ஐரோப்பியரின் தகவலை அமெரிக்காவுக்கு முறைகேடாக அனுப்பியமைக்காக, அப்பொழுது மெற்றா என்று பெயர் மாறியிருந்த அதே கம்பனிக்கு 120 கோடி யூரோ தண்டம் விதித்தது. தொகை பெரிதே, ஆயினும் கம்பனியின் முந்திய ஆண்டு வருமானத்தில் அது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. பிரித்தானிய விமானக் கம்பனி ஒன்றின் கதையும் உண்டு. 2018இல் பிரிட்டிஷ் எயார்வேஸ் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரின் தகவல் களவு போயிற்று. 2019 யூலையில் தகவல் ஆணையாளர் அலுவலகம், 18 கோடி 33 இலட்சம் பவுணுக்கு மேல் தண்டம் விதிக்க எண்ணியிருப்பதாக அறிவித்தது. 2020 ஒக்ரோபரில் முடிவாக விதித்தது 2 கோடி பவுண். கம்பனி கூறிய சமாதானங்களும், கொள்ளை நோயால் அதற்கு நேர்ந்த நட்டமும் கருத்திற் கொள்ளப்பட்டன என்றனர்.

இக்குறைப்பை நான் முற்றாகக் குறை கூறேன். வள்ளுவர் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் கூறி, அவற்றை அடுத்தே ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஒறுப்பது அரசன் கடமை. ஒறுக்கப்படுவோன் அழியும்படி ஒறுப்பது கடமை அன்று. விமானக் கம்பனி மூடப்பட்டால் தெருவில் நிற்பவர் அதன் தலைவர்கள் அல்லர்; பயணப் பெட்டி தூக்குபவனும் பற்றுச்சீட்டு எழுதுபவளுமே. பெருந் தண்டம் விதித்தால் கம்பனி அதனை விலையிலேற்றி மக்களிடமே வாங்கிக்கொள்ளும் என்பதும் பொய்யன்று. ஆகவே, ‘இன்னும் பெருக்குக, இன்னும் பெருக்குக’ என்று கூவுவது மட்டும் வழியாகாது.

பின் வழி யாது? தேடிப் படித்ததிலிருந்து நான் தேறியவை நான்கு.

முதலாவது, தண்டம் செல்வத்தோடு ஒப்ப நிறுக்கப்படல் வேண்டும். கூலிக்காரனுக்கும் கோடீசுவரனுக்கும் ஒரே தொகையை விதிப்பது சமநீதி போலத் தோன்றும். ஆயின் முன்னவனுக்கு அது தண்டனை, பின்னவனுக்கு அது சில்லறை.

இரண்டாவது, களவினால் வந்த நயம் கள்வனிடம் எஞ்சலாகாது. அமெரிக்காவில் எவரல்பம் என்னும் நிறுவனம் மக்கள் நம்பி வைத்த நிழற்படங்களைக் கொண்டு முகம் அறியும் கணினி முறையை உருவாக்கியது. 2021இல் ஏற்பட்ட இணக்கத்தில், அப்படங்களை மாத்திரமன்றி, அவற்றைக் கொண்டு ஆக்கிய கணிமுறைகளையும் அழித்துவிட வேண்டும் என்று ஆணைக்குழு கட்டளையிட்டது. திருடிய நெல்லைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்நெல்லை விதைத்து விளைந்த பயிரும் உனக்கில்லை என்பதே இதன் கருத்து. பணத் தண்டம் எதுவும் இல்லாத அச்சிறு தீர்ப்பு, 500 கோடித் தீர்ப்பைக் காட்டிலும் கூர்மையானது என்பேன்.

மூன்றாவது, கம்பனி என்னும் திரையின் பின் நிற்கும் மனிதர் பொறுப்பேற்றல் வேண்டும். கம்பனிக்கு நாணம் இல்லை. அதற்கு முகம் இல்லையாதலின். மனிதர்க்கு உண்டு. 2016இல் ஊபர் நிறுவனத்திலிருந்து 5 கோடி 70 இலட்சம் பேரின் தகவல் களவு போனபோது, களவெடுத்தவருக்கு ஒரு இலட்சம் டொலர் கொடுத்துச் செய்தியை மறைத்தனர். 2018இல் அமெரிக்க மாநிலங்களுக்கு அக்கம்பனி 14 கோடி 80 இலட்சம் டொலர் இறுத்தது. அதனோடு நில்லாமல், அதன் பாதுகாப்புப் பொறுப்பதிகாரி மீது வழக்குத் தொடரப்பட்டு, 2022 ஒக்ரோபரில் யூரிமார் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். 2023இல் அவருக்குக் கிடைத்தது சிறையன்று. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பே. ஆயினும் கோடிகளைக் கண்டு அசையாத உயர் அலுவலர் பலர் அத்தீர்ப்பைக் கேட்டுத் துணுக்குற்றிருப்பர் என்பதில் ஐயமில்லை.

நான்காவது, பாதிக்கப்பட்டவருக்கு அத்தீர்ப்பில் ஓர் இடம் வேண்டும். வீட்டில் களவு போனவன் நீதிமன்றுக்குப் போக, கள்வன் அரசுக்குப் பணங் கட்டிவிட்டுப் போனான் என்று கேள்விப்பட்டுத் திரும்பினால், அவனுக்கு என்ன ஆறுதல்? நட்டஈடு கொடுக்க முடியாதவிடத்து, ‘உன் பெயரை இன்னாரிடம் கொடுத்தோம், இன்னாரிடமிருந்து மீட்டோம்’ என்றேனும் சொல்லக் கடமைப்படுத்த வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தெற்காசியாவில் இத்துறையில் முன்னே நடந்த நாடுகளுள் நாமும் ஒன்று, அதற்காகப் பெருமைப்படலாம். ஆயின் முக்கிய கடப்பாடுகள் நடைமுறைக்கு வரவிருந்த நாள் 2025 மார்ச்சில் பிற்போடப்பட்டது. நிறைவேறிய வடிவில் அச்சட்டம் விதித்த தண்டத்தின் உச்சம், ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபா. மீண்டும் மீறுவோர்க்கு மேலதிகமாக அதன் இருமடங்கு. ஒரு கோடி என்பது எனக்கு எண்ணியும் பாராத தொகை. சந்தியில் புத்தகக்கடை வைத்திருப்பவருக்கு அது கடையை மூடும் தொகை. இலட்சக் கணக்கான வாடிக்கையாளரைக் கொண்ட பெருங் கம்பனிக்கோ அது விளம்பரச் செலவில் ஒரு வாரத்துக்கும் காணாது. செல்வத்தோடு ஒப்ப நிறுக்கும் நியதி அவ்வுச்சத்தில் இல்லை. இந்தியா 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் உச்சத்தை 250 கோடி இந்திய ரூபா என வைத்தது. அதுவும் நிலைத்த தொகையே. ஆயினும் பெரியோரை நினைத்து வைத்த தொகை. ஆக்கியோர் நம் சட்டத்தை மறுபடி நோக்கும்போது, தொகையை விட்டு வீதத்தை வைப்பார்களாயின் சிறியோர்க்கும் நன்று, நாட்டுக்கும் நன்று.

இவ்வளவும் எழுதிய பின்னர் என் பட்டியலுக்குத் திரும்புகிறேன். பெருங் கம்பனிகளைத் தண்டிக்கும் முறையை ஆராய்ந்தவன் தன்னைத் தண்டித்துக் கொள்ளாமல் போதல் அழகன்று. நான் கண்ட நான்கையும் என்மேல் வைத்துப் பார்த்தேன். கருத்தரங்குக்கு அவர்கள் தந்த பொருள்களின் பெறுமதியைக் கணக்கிட்டு, அத்தொகையைப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்தேன். எனக்குச் சிறிது வலித்தது, வலிக்க வேண்டியதே. பட்டியலை அழிக்கும்படி அந்நிறுவனத்துக்கு அதிபரின் கையொப்பத்தோடு கடிதம் அனுப்பினோம். பெற்றவர் விற்ற இடங்களில் அது அழியுமா என்பதற்கு எவரிடமிருந்தும் விடை இல்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, கொடுத்தவன் நானே என்று பெயர் சொல்லி ஒப்புக்கொண்டேன். இனிப் பாடசாலையிலிருந்து பிள்ளைகளின் விபரம் எதுவும் பெற்றோர் எழுத்திற் சம்மதியாமல் வெளிச்செல்லாது என்று அன்று முடிவாயிற்று.

கூட்டம் கலைந்தபின் அத்தாயார் என்னிடம் வந்தார். என்னைத் தேற்ற வந்தார் என்று எண்ணினேன். அவர் கேட்டது வேறு. “ஐயா, இடாப்பிலை இவற்றை பேருக்கு நேரை ‘காலஞ்சென்றவர்’ எண்டு எழுதி விடுவியளே?” என்றார். அன்றே எழுதினேன். செல்வத்தை நிறுக்கும் தராசு சட்டங்களுக்கு உண்டு. ஒரு பெயரைப் பிறன் வாயிற் கேட்டு ஒரு வீடு படும் துயரை நிறுக்கும் தராசு எச்சட்டத்திலும் இல்லை. அது இல்லாதவரையில், இருக்கின்ற தராசையேனும் நேரே பிடிக்குமாறு ஆள்வோரை வேண்டுவது நம் கடன்.